அரை இஞ்ச்

பாராட்டுப் பத்திரம் என்றால் என் கணினியில்
ஒரே கோப்புதான்.
பெயரை மட்டும் மாற்றுவேன்.
மாங்கூழ் ஏற்றுமதியாளர், ஓய்வு பெறும் தலைமையாசிரியர்,
ரத்ததானம் செய்தவர், செய்யச் சொன்னவர்,
எல்லாருமே தன்னலமற்றவர்கள்,
எல்லாருமே செம்மல்கள்,
ஓரத்தில் இரண்டு மயில்.

இந்த முறை வணிகர் சங்கத்துப் பையன்
கொண்டுவந்த துண்டுச் சீட்டில்:
ப. திம்மராயன், மரவேலை, பழையபேட்டை.
இடிக்கிற வீட்டு மரத்தில் செய்கிறவர்.
"நல்லா நாலு வரி போடுங்கக்கா,
திங்கக்கெழம விழா."

போட உட்கார்ந்தேன்.
உட்கார்ந்ததே அவர் செய்த மேசையில்.

நான் இடக்கைக்காரி.
எந்தக் கடை மேசையும் எனக்கு மறுபக்கம்தான்.
அவர்தான் முதலில் கேட்டார்,
"எந்தக் கையில மவுஸ் புடிப்பீங்க?"
முழங்கைக்குக் கீழே அட்டையை வைத்து
பென்சிலால் சுற்றி வரைந்துகொண்டு போனார்.
மேல்பலகை, சாலையை அகலப்படுத்த இடித்த
சூளகிரிச் சத்திரத்துக் கதவு.
கால்கள், நொடித்துப்போன லாரி ஒன்றின் தளம்.
வேங்கை.
மழை நாளில் இன்னும் லேசாக
வெங்காய வாசம் வரும்.
இழுப்பறைக்கு அடியில்
பட்டுக்கூடு ஏலப் பெட்டியின் பலகை,
"லாட் 41" என்ற எழுத்தோடு.
இழைச்சிடட்டுமா என்றார். வேண்டாம் என்றேன்.

ஐப்பசியில் இழுப்பறை முறுக்கிக்கொண்டது.
நான் கூப்பிடவில்லை.
மழை விட்ட மத்தியானம்
இழைப்புளியோடு வாசலில் நின்றார்.
"இந்நேரம் புடிச்சிருக்கணுமே?"

இதை எந்தச் செம்மலுக்குள் அடைப்பது?
மரத்துக்கு மறுபிறவி தந்த மாமனிதர்
என்று அடித்தேன்.
அடித்த கை கூசியது.
நேரமாகிவிட்டது, விட்டுவிட்டேன்.

பிழை பார்க்க வந்தவர்
தாளை விளக்குக்கு நேரே பிடித்து
பலகையின் நெளிவு பார்ப்பதுபோல்
ஒற்றைக் கண்ணால் நீளவாக்கில் பார்த்தார்.
மாமனிதரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
"சின்னபாப்பா பேரு எங்க?"

யாரு அது?

"ஆணி புடுங்கறவங்க.
மரம் பொளக்காம அவங்க புடுங்கிக் குடுத்தாதான்
எனக்கு வேலையே.
ஒண்ணு உள்ள தங்கினா இழைப்புளி நாக்கு போச்சு.
எட்டு வருசத்துல மூணு ஆணிதான் தப்பியிருக்கு.
அதுல ரெண்டு, நான் அவசரப்படுத்தினது."

அவங்களுக்குக் கூலி?

"இரும்பு. கிலோக் கணக்கு."

ஒரு பெயருக்குத்தான் இடம் என்றேன்.
சட்டம்கூட வாங்கிவிட்டார்கள், அளவு மாற்ற முடியாது.
அவர் கட்டைவிரலை மடக்கி
நகத்திலிருந்து கணு வரை தாளில் வைத்தார்.
"இங்க அரை இஞ்ச் இருக்கே."

இருந்தது.
நானூறு பத்திரம் அடித்த எனக்குத் தெரியாத அரை இஞ்ச்,
மயிலுக்கும் கோட்டுக்கும் நடுவில்.

திங்கட்கிழமை
சங்கத் தலைவர் ஒரே மூச்சில் வாசித்தார்,
"திம்மராயன் சின்னபாப்பா அவர்களே!"
பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
அவர் திருத்தவில்லை.
கேடயத்தை வாங்கி
விரல்கணுவால் அடியில் ஒருமுறை தட்டினார்.
மரத்தூள் அட்டை, மேலே தேக்கு நிற ஸ்டிக்கர்.
சத்தம் மைக்கில் விழுந்துவிட்டது.
மரியாதையாகக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
தலைவர் பக்கம் குனிந்தார்.
"சால்வை இன்னொண்ணு இருக்குங்களா?"

இல்லை.

அந்த நேரத்தில் அந்த அம்மா
காவேரிப்பட்டணத்தில், பாதி இடித்த அரிசி மில்லில்,
குண்டு பல்பு வெளிச்சத்தில்
ஓர் உத்தரத்தின்மேல் குந்தியிருந்தார்களாம்.
ஆணி சாயங்காலம்தான் நன்றாக வருமாம்.
வெயிலில் இறுகிப் பிடிக்குமாம்.
உண்மையா என்று எனக்குத் தெரியாது.

இன்று காலை ஒரு பல் மருத்துவர்,
இருபத்தைந்தாம் ஆண்டு.
கோப்பைத் திறந்தேன், பெயரை மாற்றினேன்.
அரை இஞ்சை மூடவில்லை.
"கூட யாரு பேராவது போடணுங்களா?"
என்று போனில் கேட்டேன்.

டாக்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை.